பானெட்டில் வைத்த கை

ஞானசீலன் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டான். டீக்கடைக்குப் போனால் கெட்டிலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரை கிளாஸ் கட்டிங் டீ சொல்வான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெண்டாட்டி சேசம்மாள் சொன்னால், அவள் கை வைத்துப் பார்த்தது போதாது, இவனும் வைத்துப் பார்க்க வேண்டும். என் கை என்ன ரப்பர் கையா என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். தாராவியில் மாதா கோயிலுக்கு வருகிற ஜனங்கள் மத்தியில் அவனுக்குத் தொட்டுப்பாக்கிற சீலன் என்றே பேர்.

பழக்கம் சும்மா வரவில்லை. மனுசன் பட்டுத் தெரிந்துகொண்டது. கல்யாணமான புதுசில் குர்லாவில் ஒரு பழைய டெம்போ வாங்கினான். விற்றுக்கொடுத்த தரகன், அங்கே தலால் என்பார்கள், இவன் வருமுன்னாலேயே வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தியிருந்தான். சாவியைத் திருப்பினதும் கும்மென்று எழும்பியது. இவனும் வாயெல்லாம் பல்லாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தான். தேய்ந்துபோன டீசல் இன்ஜின் சூட்டில் யோக்கியமாகத்தான் நடக்கும். ராத்திரி குளிர்ந்து கிடந்துவிட்டுக் காலையில் திருப்பும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். இவனுக்கும் மறுநாள் காலையில் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த டெம்போவை அவன் ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். ஒரு மழைநாளில் சயான் சர்க்கிளில் தள்ளும்போது முதுகில் ஜவ்வு விலகி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தன் லாரியில் பிளாஸ்டிக் குருணை மூட்டைகளின் மேல் அவனைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஏஞ்சலோ அண்ணன்தான்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. ஒரே சந்து, ஒரே கோயில், ஒரே தொழில். ஏஞ்சலோவிடம் லாரி இருந்தது, இவனிடம் டெம்போ. பெரிய லோடு வந்தால் இவனைக் கூப்பிடுவார், சில்லறை லோடு வந்தால் இவனுக்குத் தள்ளிவிடுவார். கோபதாபம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது போய்விடும். ஒரே ஒரு குறை, ஏஞ்சலோவுக்கு வாய் பெரிசு. அதுவும் தன் லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மீட்டர் அஞ்சு லட்சத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் அஞ்சு லட்சம் ஓடும்லே என்பார். பீவண்டியில் இன்ஜினை முழுக்க இறக்கி வேலை பார்த்தேன், புது பிஸ்டன் போட்டிருக்கேன் என்பார். யாரும் கூடப் போய்ப் பார்த்ததில்லை. சரி அண்ணே, சரி அண்ணே என்று ஞானசீலன் சிரித்துக்கொள்வான்.

அந்த ஏஞ்சலோ கிறிஸ்துமஸுக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஞானசீலனின் டெம்போவும் அதே சமயத்தில்தான் ஆர்.டி.ஓ. சோதனையில், பாசிங்கில், தோற்றது. அடிச்சட்டம் துருப்பிடித்துவிட்டது, இனி ரோட்டில் ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பழைய இரும்புக்குப் பங்காரில் போட்டுவிட்டு, யார் வண்டியாவது சும்மா நின்றால் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். வாடகை போக டீசல் போகக் கையில் நிற்பது ஒன்றுமில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு ஏஞ்சலோவின் பெண்டாட்டி ஜோஸ்பின், ஞானசீலனுக்கு மைனி முறை, சேசம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். லாரியை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன், சீலன் எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். விலையும் சொன்னாள். குறைவான விலை. வெளியே கேட்டால் அந்த விலைக்கு அப்படி ஒரு லாரி கிடைக்காது.

கேட்டதும் சந்தோஷப்பட வேண்டிய ஆள், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். ஏன் குறைத்துச் சொன்னாள் என்பதே அவனுக்கு இடித்தது. அவன் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சேர்த்து வைத்ததும் சேசம்மாளின் சீட்டுப் பணமும் சேர்ந்தால்தான் அந்த லாரி. அது காலை வாரிவிட்டால் இன்னொரு வண்டி இந்த ஜென்மத்தில் கிடையாது. மிச்ச காலத்துக்கும் எவன் வண்டியிலாவது சம்பளத்துக்கு உட்கார வேண்டியதுதான். டெம்போவைத் தள்ளித் தள்ளியாவது இத்தனை வருஷம் சொந்த வண்டிக்காரன் என்று நடந்தவன் அவன். அந்தப் பேரும் போய்விடும்.

குர்லாவில் இருக்கும் மெக்கானிக் வாசிம் மிஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள் என்று சேசம்மாள் சொன்னாள். சுலபமான வழி. வாசிம் ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் ஞானசீலன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். அண்ணன் செத்த ஈரம் காயவில்லை, அவர் வண்டியை ஒரு வெளியாளை விட்டுக் கிண்டச் சொல்கிறாயா, மைனி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கத்தினான். மைனியிடம் விலை பேசுகிறவனையும் மைனி வீட்டுப் பொருளைச் சோதனை போடுகிறவனையும் அவர்கள் ஜனம் ஒரு மனுசனாக மதிக்காது. கல்யாணமோ கடனோ, மைனியோடு பேச வேண்டியதையெல்லாம் பெண்டாட்டி வழியாகத்தான் பேச வேண்டும். ஆக, கேட்கவும் மாட்டான், காட்டவும் மாட்டான். நம்பவாவது செய்தானா என்றால் அதுவும் கிடையாது. அங்கேதான் பிடித்தது வினை.

திங்கள்கிழமை மத்தியானம் வந்து வண்டியைப் பார்ப்பதாகச் சேசம்மாளிடம் சொல்லியனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையிலேயே போனான். ஜனவரி மாசம், பம்பாய்க்கு அது குளிர்தான். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின் எப்படிக் கிடக்கிறது என்று பானெட்டைத் தொட்டுப் பார்த்து, ஒரு சாக்குச் சொல்லிச் சாவி வாங்கி ஒரு தடவை திருப்பிவிட்டால் போதும் என்பது கணக்கு. அறுபதடி ரோட்டில் குடோன் சுவர் ஓரமாக லாரி நிற்கும். திருப்பத்திலேயே அவனுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. லாரி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஜோஸ்பின், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓட்டத் தெரியாதவள். எதிர் டீக்கடையில் செம்பூர்த் தலால் சங்கரன், கையில் டீயோடு நின்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானசீலனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிட்டப் போகாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டான். மத்தியானம் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினான்.

ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று புதன்கிழமை மறுபடியும் போனான். அன்றைக்குச் சொல்லியும் அனுப்பவில்லை. விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. லாரி பக்கத்தில் யாரும் இல்லை, சத்தமும் இல்லை. மெல்லப் போய் பானெட்டின்மேல் கை வைத்தான். சூடு. இப்போதுதான் அணைத்திருக்கிறார்கள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். குர்லாவில் அந்தத் தலால் சிரித்த சிரிப்பு அவன் காதில் கேட்டது.

அட, பத்தடி தூரத்தில் வீடு. கதவைத் தட்டி, ஏன் மைனி வண்டி சூடாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தால் என்ன? கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேசம்மாளிடம் பொரிந்து தள்ளினான். நான் எப்போது வந்து பார்ப்பேனோ என்று தினமும் சூடாக்கி வைக்கிறார்கள், சங்கரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான், காலையில் எழும்பாத வண்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றான். சேசம்மாள் நம்பவில்லை. ஜோஸ்பின் அக்காவுக்கு அந்த அளவுக்கெல்லாம் விவரம் பத்தாது என்று சாதித்தாள். வேண்டுமானால் நான் கேட்கிறேன் என்றும் சொன்னாள். கேட்டால் இந்த வீட்டில் கால் வைக்காதே என்று அவன் குதித்தான். கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. கேட்டு, மைனி மழுப்பிவிட்டால் என்ன செய்வது? செத்துப்போன அண்ணனும் புளுகியிருக்கிறார், உயிரோடு இருக்கிற மைனியும் ஏமாற்றுகிறாள் என்று தெரிந்துகொண்டு அதே சந்தில் எப்படி இருப்பது? அதைவிட வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவது மரியாதை என்று நினைத்தான். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், முதுகு வலி அதிகமாகிவிட்டது, பெரிய வண்டி ஓட்ட உடம்பு தாங்காது என்று சொல்லச் சொன்னான்.

சேசம்மாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மைனி என்ன சொன்னாள் என்று கேட்டான். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டாள் என்றாள். அதையும் அவன் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அந்த லாரியை ஒருத்தரும் சீந்தவில்லை. ஞானசீலன் வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சங்கரன் ஆள் கூட்டிக்கொண்டு வருவான், வந்தவன் சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்து டீக்கடையில் விசாரிப்பான். கூடவே திரிந்த சீலனே வாங்கவில்லை என்றால் அதில் என்னமோ இருக்கிறது என்று பேச்சு வரும். டீசல் வண்டிகளை இனி ஊருக்குள் விடமாட்டார்களாம் என்று இன்னொருத்தன் தன் பங்குக்குக் கொளுத்திப் போடுவான். வந்தவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். தவக்காலம் முழுக்க லாரி நின்றது. ஜோஸ்பின் சொன்ன விலை இறங்கிக்கொண்டே போனது. அவள் வீட்டில் உட்கார்ந்து தோல் பைகளுக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் கழிந்து கரீம் பாட்சா வந்தார். சீத்தா கேம்ப்பில் வீடு, குர்லாவில் பழைய இரும்பு குடோன், கடையநல்லூர்க்காரர். அடிமாட்டு விலைக்கு அவர் எடுத்துக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டபோது ஞானசீலன், பாயும் மாட்டிக்கொண்டார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அதில் ஒரு சின்ன நிம்மதிகூட அவனுக்கு வந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் வாடகை வண்டி கிடைப்பதும் நின்றுபோனது. வீட்டில் இருந்த காசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, சீட்டுப் பணமும் அதில் போனது. கரீம் பாட்சாவுக்கு டிரைவர் வேண்டுமாம் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். எந்த வண்டி என்று தெரிந்தேதான் ஞானசீலன் குர்லாவுக்குப் போனான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது மானத்தையா கேட்கிறது?

முதல் நாள் காலையில் குடோனைத் திறந்துவிட்டு பாய் சாவியைக் கையில் கொடுத்தார். ராத்திரி பூரா மழை. ஞானசீலன் பழக்கம் விடாமல் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. ஏறி உட்கார்ந்து, இது எழும்பாது, எப்படியும் முக்கும் என்று நினைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினான். அரைத் திருப்பில் இன்ஜின் எழும்பியது. கொஞ்சம் புகை விட்டது, அதுவும் நின்றது. நம்பாமல் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான். இறங்கி, ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தான். புகை தள்ளவில்லை. பீவண்டியில் இன்ஜினை இறக்கி வேலை பார்த்தேன் என்று ஏஞ்சலோ சொன்னது அத்தனையும் நிஜம். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்ற நிலையைப் பார்த்து பாய் கிட்டே வந்தார்.

"நல்ல வண்டி. உங்க கூட்டாளியோடதுதானே, நீங்க ஏன் விட்டிய?" என்று கேட்டார்.

ஞானசீலன், நீங்கள் எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று அவரைத் திருப்பிக் கேட்டான்.

"நான் ஒண்ணும் பெரிசாப் பாக்கல. ஒரு ராத்திரி என் குடோன்ல நிக்கட்டும், காலையில ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். சரின்னு சாவியக் குடுத்துட்டாவ."

அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருத்தர் கேட்டார், கிடைத்தது. ஞானசீலன் லோடு ஏற்றிக்கொண்டு வாஷி பக்கம் போனான். பாலத்தில் முழு லோடோடு லாரி சிரமமில்லாமல் ஏறியது. வண்டி நல்ல வண்டி என்றால், குளிர்ந்து கிடந்தாலும் அரைத் திருப்பில் எழும்பும் என்றால், அதை எதற்குச் சூடாக்கி வைக்க வேண்டும்? மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவள் எதை மறைத்தாள்? அன்றைக்கு முழுக்க அதே கேள்வி. அடுத்த நாளும் அதே கேள்வி. சேசம்மாளிடம் சொல்லவும் பயம், அவள் சும்மா விடமாட்டாள்.

அந்த வாரமே தாராவியில் ஒரு லோடு இருந்தது. லாரியை அறுபதடி ரோட்டில் அதே குடோன் சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு ஜோஸ்பின் வீட்டு வாசலில் போய் நின்றான். சேசம்மாள் இல்லாமல் மைனியிடம் தனியாகப் பேசப் போனது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அவள் வாசலிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்தாள். இவனுக்குப் பின்னால் நிற்கிற லாரியையும் பார்த்தாள். பெரிய வண்டி ஓட்ட உடம்பு தாங்காது என்று சொல்லியனுப்பியவன் அதே வண்டியிலிருந்து இறங்கி வருகிறான். ஞானசீலனுக்கு அப்போதுதான் அது உறைத்தது, காது மடலெல்லாம் சூடேறியது.

"வாங்க தம்பி. முதுகு இப்ப தேவலையா?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள்.

அவன் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டான். அண்ணன் போனபின் காலையில் தினமும் லாரியை எதற்கு ஸ்டார்ட் பண்ணி வைத்தீர்கள் என்றான்.

"ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே ஒங்க அண்ணன் சொல்லிட்டாரு. வண்டி சீலனுக்குத்தான், வேற யாரு வந்து கேட்டாலும் குடுக்காதன்னு. தெனமும் விடியக்காலம் கொஞ்ச நேரம் ஓட வையி, இல்லாட்டி பேட்டரி செத்துரும். செத்துட்டுன்னா அவன் தள்ளிக்கிட்டு நிப்பான், அவன் முதுகு தாங்காதுன்னாரு. சாவி திருப்ப மட்டும் சொல்லிக் குடுத்தாரு. அந்தச் சங்கரன்கூட ஒருநா விடியக்காலம் டீக்கடையில நின்னு பாத்துட்டு வந்து கேட்டான். தம்பிக்குச் சொல்லியாச்சுன்னு அனுப்பிட்டேன்."

ஞானசீலன் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தான். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முதுகு வலிக்காகத்தான் விட்டான் என்று கடைசிவரைக்கும் நம்பியிருப்பாள். ஆனால் அந்தப் பொய்யை இன்னொரு நாள் சுமக்க அவனால் ஆகவில்லை.

"நான் வந்து தொட்டுப் பாத்தேன், மைனி. சூடா இருந்துச்சு. கெட்டுப்போன வண்டியச் சூடாக்கி வச்சு ஏமாத்துதியன்னு நெனச்சிட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சூடாக இருந்தால் என்ன என்று கேட்டாள். அவன் குர்லாத் தலால் கதையைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான். அவள் ஊசியைப் பையில் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களையா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு எழுந்து உள்ளே போனாள். மாதா படத்துக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவி எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். லாரியின் இரண்டாவது சாவி. சிவப்பு நூலில் ஒரு சின்ன மாதா சுரூபம் கோத்திருந்தது.

"இது ஒங்களுக்குன்னு அவரு எடுத்து வைக்கச் சொன்னது. வண்டி குடுக்கும்போது மறந்துபோச்சு. பாய்கிட்ட குடுத்திருங்க தம்பி, வண்டி அவருதுல்லா" என்று சொல்லி அவன் கையில் வைத்தாள். திரும்ப உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் குர்லாவுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு, ஞானசீலன் நூலை அவிழ்த்து மாதா சுரூபத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாவியைக் கரீம் பாட்சாவிடம் கொடுத்தான். பாய் அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். நாளைக்குக் காலையில் சான்பாடா லோடு இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றார்.